பண்பும் உடைமையும்: திரை உறுப்புகளின் படங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

கணினியின் வரலாறு இதுவரை பெரும்பாலும் இரு வகையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று பொறிகளின் வரலாறு. மற்றையது அவற்றை ஆக்கியோராகக் கொண்டாடப்படும் சில தனிமனிதரின் வரலாறு. மென்பொருளை எழுதுவோரின் அன்றாட வேலையினுள்ளே நிகழ்ந்த மாற்றங்கள் ஆய்வாளரின் கவனத்தை அத்துணை பெறவில்லை. அத்தகைய மாற்றங்களுள் ஒன்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். கணினித் திரையிலே காணப்படும் ஒரு பொத்தானுக்குப் படமொன்றை அமைப்பது எவ்வாறு என்பதே அது. பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இவ்வினா நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டு, ஒவ்வொரு காலகட்டத்திலும் வெவ்வேறு விடையைப் பெற்று வந்துள்ளது. விடைகள் மாறியமைக்கான காரணங்களை நுட்பத்தின் வளர்ச்சியில் மாத்திரம் தேடுவது போதாது.

சொற்களைப் பற்றி முதலிற் சிறிது தெளிவு வேண்டும். பொத்தான், பட்டியல், உரைப்பெட்டி, உருள்பட்டை முதலாகத் திரையில் நாம் இயக்கும் பகுதிகளைச் செய்நிரலாளர் 'கொன்ட்ரோல்' என வழங்குவர். இக்கட்டுரையில் அவற்றைத் திரை உறுப்பு எனக் குறிப்பிடுவோம். பணிசெயல் முறைமையுடன் ஆயத்தமாக வரும் உறுப்புகள் போதாதவிடத்துச் செய்நிரலாளர் தாமே புதிதாக ஆக்கிக்கொள்வது தனியாக்க உறுப்பு. நிறம், அகலம், தலைப்பு, படம் என வெளியிலிருந்து மாற்றக்கூடியனவாக விடப்பட்டவை ஓர் உறுப்பின் பண்புகள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'புரொப்பட்டி' என்ற சொல் பண்பையும் உடைமையையும் ஒருங்கே குறிப்பதாகும். தமிழில் இவை இரு வேறு சொற்கள். இவ்வேறுபாடு எமது ஆய்வுக்குப் பெரிதும் துணைபுரிகின்றது. ஏனெனில், படம் என்ற பண்பின் வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து, அது படம் என்ற உடைமையின் வரலாறாகவும் இருத்தல் புலப்படும். படத்தை வரைபவர் யார், வைத்திருப்பவர் யார், மாற்றும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்கள் அதனூடே தொடர்ந்து ஓடுகின்றன.

2

திரையிலுள்ள சிற்றுருவங்களுக்கு 'ஐக்கன்' என்ற பெயரை வழங்கியவர் டேவிட் கன்பீல்ட் ஸ்மித். 1975 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் அவர் இச்சொல்லை இப்பொருளில் ஆண்டார். பின்னர் செரொக்ஸ் நிறுவனத்தில் 'ஸ்டார்' என்னும் பணிநிலையத்தை வடிவமைத்த குழுவில் ஒருவரானார். 1981 ஏப்ரலில் வெளிவந்த ஸ்டாரின் விலை 16,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்டது. தனிமனிதர் வாங்கும் பொருளாக அது கருதப்படவில்லை. பெரும் வர்த்தக நிறுவனங்களின் அலுவலகங்களுக்கெனவே அது ஆக்கப்பட்டது. எனவே, திரையில் இடம்பெற்ற உருவங்களும் அவ்வலுவலகத்திலிருந்தே எடுக்கப்பட்டன. ஆவணம், கோப்புறை, கோப்பு இழுப்பறை, வரும் தபாற் தட்டு, போகும் தபாற் தட்டு, அச்சுப்பொறி என்பனவே அவை. நான்கு உருவத் தொகுதிகளை ஆக்கி, மக்களைக் கொண்டு சோதித்து, அவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்தனர். சோதனை செய்தது மெச்சத்தக்கதே. ஆயினும், எவ்வகை அலுவலகம், எந்த நாட்டின் அலுவலகம் என்ற வினா அச்சோதனைக்கு முன்னரே தீர்க்கப்பட்டுவிட்டது.

ஸ்டார் எமது பொருளுக்கு மற்றொரு வகையிலும் முக்கியமானது. அதன் விசைப்பலகையில் பண்புகளைக் காட்டுவதற்கெனத் தனி விசையொன்று இருந்தது. தெரிவுசெய்த பொருள் எதுவாயினும், அவ்விசையை அழுத்தியதும் அதன் பண்புத் தாள் திரையில் விரியும். எழுத்தின் அளவையோ பந்தியின் ஓரத்தையோ பயனர் அங்கேயே மாற்றலாம். பொருளொன்றின் இயல்புகளைப் பட்டியலாக்கி, நிரலறிவு இல்லாதவரும் மாற்றத்தக்கவாறு வெளியே வைக்கும் இவ்வேற்பாடே பின்னாளில் செய்நிரலாளரின் கருவியாக மாறியது.

அப்பிள் நிறுவனம் 1984 ஜனவரியில் 2,495 டொலருக்கு வெளியிட்ட மக்கின்ரொஷ் கணினி, இதே உருவ மொழியை அலுவலகத்துக்கு வெளியே கொண்டுவந்தது. அதன் நினைவகம் 128 கிலோபைட்டு மாத்திரமே. சூசன் கெயர் வரைந்த உருவங்கள் 32க்கு 32 என்ற கட்டத்தினுள் அமைந்தவை. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை; மொத்தம் 1,024 புள்ளிகள்; அதாவது 128 பைட்டுகள். இக்கணினியில் நிகழ்ந்த முக்கிய மாற்றம் படம் செய்நிரலிலிருந்து பிரிக்கப்பட்டமையாகும். புரூஸ் ஹோர்ன் ஆக்கிய வள முகாமையாளரின் துணையால், படங்கள், பட்டியற் சொற்கள், அறிவிப்புகள் ஆகிய யாவும் செய்நிரலின் கட்டளைகளுக்குப் புறம்பாக, 'வளங்கள்' என்ற வகையிற் கோப்பின் வேறொரு கிளையில் வைக்கப்பட்டன. செய்நிரலை மீண்டும் தொகுக்காமலே மென்பொருளைப் பிறமொழிக்கு மாற்றலாம் என்பது இப்பிரிப்பின் நோக்கங்களுள் ஒன்று. 'ரெஸ் எடிட்' என்ற கருவியைக் கொண்டு, மூலநிரலைக் காணாத ஒருவரும் படத்தைத் திறந்து புள்ளிபுள்ளியாகத் திருத்தக்கூடியதாக இருந்தது. தனியாக்க உறுப்பின் வரைமுறை நிரலும் வளங்களுள் ஒரு வகையாகவே வைக்கப்பட்டது. படமும் அதை வரையும் நிரலும் ஒரே களஞ்சியத்தில் அருகருகே இருந்தன. ஆனால் முன்னதை மாற்றப் பின்னதை அறிய வேண்டியதில்லை. சிறு பிரிப்பாயினும் வரலாற்றில் இதன் விளைவு பெரிது.

3

இதே பிரச்சினை பல்கலைக்கழகச் சூழலில் வேறு விடையைப் பெற்றது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1984 இல் தொடங்கப்பட்ட 'எக்ஸ்' சாளர முறைமையின் பதினோராம் பதிப்பு 1987 செப்டெம்பரில் வெளிவந்தது. அதன் இருநிறப் படக் கோப்பு 'சி' மொழியில் எழுதப்பட்ட ஓர் எண்வரிசையே. அதனைப் படமாகவும் திறக்கலாம். செய்நிரலின் பகுதியாகவும் தொகுக்கலாம். பல திரை உறுப்புகளின் நிறம், எழுத்துரு, படம் ஆகிய பண்புகளைப் பயனர் தமது இல்லக் கோப்புறையிலுள்ள சாதாரண உரைக்கோப்பொன்றில் எழுதி மாற்றக்கூடியதாகவும் இருந்தது. மாற்றும் உரிமை, கொள்கையளவிலேனும், கடைசிப் பயனர் வரை நீண்டது. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் அறிவு ஆய்வுகூடங்களுக்கு அப்பாற் பரவவில்லை என்பதும் உடன் கூறத்தக்கது.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 1985 நவம்பரில் வெளிவந்தது. பெருவெற்றி பெற்றது 1990 மே மாதத்தில் வெளிவந்த அதன் 3.0 பதிப்பே. அதற்கான உருவங்கள் பலவற்றையும் சூசன் கெயரே வரைந்தார் என்பது, போட்டியிட்ட இரு கம்பனிகளின் திரைகளுக்குப் பின்னே ஒரே உழைப்பாளியின் கை இருந்தமையைக் காட்டுகின்றது. விண்டோஸ் 3.0 இல் ஒரு பொத்தானில் படத்தைக் காட்ட விரும்பிய செய்நிரலாளர், அதனை 'உடையவர் வரைவது' என்ற வகையாக அறிவித்தல் வேண்டும். அதன்பின் பொத்தான் தன்னை வரைந்துகொள்ளாது. தன்னை உடைய சாளரத்துக்குச் செய்தி அனுப்பும். சாளரத்தின் நிரல் படத்தை வரைய வேண்டும். அழுத்தப்பட்ட நிலை, முடக்கப்பட்ட நிலை, குவியம் பெற்ற நிலை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக வரைய வேண்டும். இங்கே படம் ஒரு பண்பு அன்று. அது ஒரு வேலை. ஒவ்வொரு செய்நிரலாளரும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யவேண்டிய வேலை.

ஒரே வேலை ஆயிரம் இடங்களில் தனித்தனியே திரும்பச் செய்யப்படும்போது, அதனை ஒருமுறை செய்து விற்பதற்கான சந்தை உருவாவது இயல்பு. அச்சந்தையின் களம் 1991 மே 20 ஆம் திகதி அறிமுகமான விஷுவல் பேசிக் ஆகும். அலன் கூப்பர் ஆக்கி 1988 இல் மைக்ரோசொப்ட்டுக்கு விற்ற 'ரூபி' என்னும் வடிவமைப்புக் கருவி அதன் ஒரு பாதி. பழைய பேசிக் மொழி மறுபாதி. உறுப்பைத் திரையில் இழுத்து வைத்து, அருகிலுள்ள சாளரத்தில் அதன் பண்புகளை நிரப்புவதே அதன் முறை. ஸ்டாரில் எழுதுவினைஞருக்கு வழங்கப்பட்ட பண்புத் தாள் இங்கே செய்நிரலாளரின் தொழிற்களமாயிற்று.

ஆயினும், விஷுவல் பேசிக்கின் சாதாரண கட்டளைப் பொத்தானுக்குப் படம் என்ற பண்பு தொடக்கத்தில் இருக்கவில்லை. 1997 இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேயே அது சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வெற்றிடத்தை நிரப்பியவை வெளிக் கம்பனிகள் ஆக்கிய 'வி.பி.எக்ஸ்.' எனப்பட்ட தனியாக்க உறுப்புகள். ஷெரிடன் நிறுவனம் ஆக்கிய முப்பரிமாண உறுப்புத் தொகுதி விஷுவல் பேசிக்கின் உயர்பதிப்புடன் சேர்த்தே வழங்கப்பட்டது. அதிலிருந்த பொத்தானொன்று எழுந்த நிலைக்கு ஒன்று, அழுந்திய நிலைக்கு ஒன்று, முடங்கிய நிலைக்கு ஒன்று என மூன்று படப் பண்புகளைக் கொண்டிருந்தது. அழுந்திய நிலைக்குப் படம் தரப்படாவிடின், எழுந்த நிலைப் படத்தை எவ்வாறு மாற்றிக் காட்டுவது என்பதைச் சொல்ல மற்றொரு பண்பும் இருந்தது. முன்னர் செய்நிரலாளர் பக்கம்பக்கமாக எழுதிய வேலை நான்கு வரிகளுக்குள் அடங்கிவிட்டது.

இதனால் ஏற்பட்ட தொழிற்பிரிவினையை நாம் கவனித்தல் வேண்டும். உறுப்பை ஆக்குவோர், உறுப்பைப் பயன்படுத்துவோர், படத்தை வரைவோர், இறுதியிற் பயன்பெறுவோர் என நான்கு பிரிவினர் தோன்றினர். முதலாமவர் எந்தப் பண்பை வெளியே விடுகின்றாரோ, அதன் அளவினதே ஏனைய மூவரின் சுதந்திரமும். உறுப்பு, மூலநிரல் அற்ற மூடிய பண்டமாகவே பெரும்பாலும் விற்கப்பட்டமையால், வெளியே விடப்படாத பண்பை மீட்கும் வழி ஏனையோருக்கு இருக்கவில்லை.

4

இவ்வளவில், மாற்றும் உரிமை பற்றிய வினா தெளிவாயிற்று. அதனினும் நுண்ணிய வினா ஒன்று நினைவகத்தினுள்ளே மறைந்து கிடந்தது. செய்நிரல் ஒரு படத்தை உறுப்பிடம் ஒப்படைத்த பின்னர் அப்படம் யாருடையது? உறுப்பு அழியும்போது படமும் அழிய வேண்டுமா? ஒரே படத்தைப் பத்துப் பொத்தான்களுக்குக் கொடுத்து, அவற்றுள் ஒன்று அழிந்தால் ஏனைய ஒன்பதும் என்னாகும்? தனியாக்க உறுப்பு எழுதியோர் பலர் இடறி விழுந்த இடம் இதுவே. இருவரும் அழிக்கப் புகின் செய்நிரல் முறிந்து விழும். ஒருவரும் அழியாவிடின் நினைவகம் மெல்ல மெல்ல வற்றும். முப்பது ஆண்டுகளில் இதற்கு மூவகைத் தீர்வுகள் முன்வைக்கப்பட்டன.

முதலாவது நகல் முறை. 1995 பெப்ரவரி 14 ஆம் திகதி போர்லண்ட் நிறுவனம் வெளியிட்ட டெல்பி இதற்குத் தக்க சான்று. டெல்பியில் தனியாக்க உறுப்பு எழுதுவோர், உறுப்புப் பிறக்கும்போதே அதற்கென வெறும் படப்பொருளொன்றை ஆக்கி வைப்பர். உறுப்பு அழியும்போது அதனையும் அழிப்பர். வெளியிலிருந்து படம் தரப்படும்போது அதனைக் கைப்பற்றாது, அதன் உள்ளடக்கத்தை மாத்திரம் தமது பொருளுக்குள் நகலெடுத்துக்கொள்வர். கொடுத்தவரின் படம் கொடுத்தவரிடமே இருக்கும். உறுப்பின் படம் உறுப்புக்குரியது. இவ்விதியை அறியாது, கொடுக்கப்பட்ட பொருளின் முகவரியை அப்படியே பதிந்துகொண்ட உறுப்புகள் படிவத்தை மூடும் வேளையில் முறிந்தன. டெல்பியின் படப் பொத்தான் ஒரே நீண்ட படத்தினுள் நான்கு வரை உருவங்களை அடுத்தடுத்து ஏற்றது. கீழ் இடது மூலைப் புள்ளியின் நிறம் எதுவோ அந்நிறம் முழுதும் ஒளிபுகுவதாகக் கொள்ளப்பட்டது. வரைவோருக்கும் செய்நிரலாளருக்கும் இடையிலான உடன்பாடு ஒரு புள்ளியில் தங்கியிருந்தது எனலாம்.

இரண்டாவது எண்ணிக்கை முறை. 1990களின் நடுப்பகுதியில் வி.பி.எக்ஸ். உறுப்புகளுக்குப் பதிலாக மைக்ரோசொப்ட் கொணர்ந்த 'ஓ.எல்.ஈ.' உறுப்புகளிலும், 1996 முதல் 'அக்ரிவ்-எக்ஸ்' என வழங்கப்பட்ட அவற்றின் வழித்தோன்றல்களிலும், படம் ஒரு பொதுப்பொருளாயிற்று. அதனைப் பயன்படுத்துவோரின் தொகை எண்ணப்படும். கடைசி நபர் கைவிடும்போது அது தானே அழியும். இருந்தும், அப்பொருளை முதன்முதலாக ஆக்கும் கட்டளையில், 'உள்ளிருக்கும் படம் உமக்கே உரியதா?' எனக் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்ற விடையை வாங்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. உடைமை பற்றிய வினா இவ்வளவு வெளிப்படையாகக் கேட்கப்பட்ட இடம் வேறு அரிது.

மூன்றாவது உறைவு முறை. 2006 நவம்பரில் வெளிவந்த 'டபிள்யூ.பி.எப்.' என்னும் வரைகலைத் தளத்தில், ஒரு படத்தை 'உறையச்' செய்யலாம். உறைந்த படத்தை எவரும் மாற்ற முடியாது. எவராலும் மாற்ற முடியாதது ஆகையால் அனைவரும் அச்சமின்றிப் பகிரலாம். இதற்கு அண்மித்த மற்றொரு வழியை நோர்வேயில் உருவாகி 1995 இல் வெளிவந்த 'கியூ.ரி.' நூலகம் கையாண்டது. அதன் படங்கள் பகிரப்பட்டே இருக்கும். ஒருவர் மாற்ற முனையும் கணத்தில் மாத்திரம் அவருக்கெனத் தனி நகல் ஆக்கப்படும்.

நகல் முறையில் ஒவ்வொருவருக்கும் தனியுடைமை. எண்ணிக்கை முறையிற் கூட்டுடைமை. உறைவு முறையில் மாற்றும் அதிகாரத்தை யாவரும் துறந்தமையாற் பெற்ற பொதுமை. நினைவகத்தின் விதிகளை சமுதாயத்தின் விதிகளோடு பொறிமுறையாக ஒப்பிடுவது பிழையாகும். எனினும் உடைமையை ஒழுங்கு செய்யும் வழிகள் பல உண்டு என்பதையும், ஒவ்வொன்றுக்கும் உரிய விலை உண்டு என்பதையும் செய்நிரலாளர் தமது தொழிலின் வழியே கண்டறிந்தனர்.

5

உடைமைப் போட்டி நினைவகத்துக்கு வெளியே நீதிமன்றத்திலும் நிகழ்ந்தது. 1988 மார்ச்சில் அப்பிள் நிறுவனம் மைக்ரோசொப்ட் மீதும் ஹியூலெற்-பக்கார்ட் மீதும் வழக்குத் தொடுத்தது. திரைக்காட்சியின் 189 கூறுகள் தன்னுடையவை என அது பட்டியலிட்டது. அவற்றுள் 179 கூறுகள் 1985 இல் மைக்ரோசொப்ட்டுடன் தானே செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் வழங்கப்பட்டவை என நீதிமன்றம் கண்டது. எஞ்சிய பத்துள் பெரும்பாலானவை பதிப்புரிமைக்கு உரியவை அல்ல எனப்பட்டன. ஹியூலெற்-பக்கார்ட்டின் மென்பொருளில் இருந்த குப்பைத்தொட்டி, கோப்புறை ஆகிய உருவங்கள் பற்றியே அப்பிளின் வாதம் எடுபட்டது. 1994 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இத்தீர்ப்பை உறுதிசெய்தது. இதனிடையே 1989 டிசெம்பரில் செரொக்ஸ் அப்பிள் மீதே வழக்குத் தொடுத்துத் தோற்றது. பல கைகளின் உழைப்பாலும் பல நிறுவனங்களின் கொடுக்கல் வாங்கலாலும் வளர்ந்த உருவ மொழியை ஒருவரின் தனியுடைமையாக்க முயன்ற இம்முயற்சிகள் பெரும்பாலும் பயனளிக்கவில்லை. தனியே எஞ்சியது குப்பைத்தொட்டியே என்பது வரலாற்றின் நகைச்சுவை.

வழக்குகள் ஓய்ந்த பின்னர் மற்றொரு வழி வளர்ந்தது. படத்தைக் கொடுப்பதற்குப் பதிலாகப் பெயரைக் கொடுப்பதே அது. 2000களின் முற்பகுதியிற் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரிடையே உருவான உருவத் தொகுதி நியமங்களின்படி, ஓர் உறுப்பின் பண்பில் 'ஆவணத்தைச் சேமி' என்ற பொருளுடைய பெயர் மாத்திரம் இருக்கும். அப்பெயருக்குரிய படம் எது என்பதைப் பயனர் தெரிந்துகொண்ட தொகுதியே தீர்மானிக்கும். உறுப்பை ஆக்கியவர் கருத்தைச் சொல்கின்றார். உருவத்தைப் பயனரின் சமூகம் தருகின்றது. சேமிப்பைக் குறிக்க நெகிழ்வட்டின் உருவம் இன்றும் பல திரைகளில் உள்ளது. சோனி நிறுவனம் யப்பானில் நெகிழ்வட்டு விற்பனையை 2011 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. பெயர் முறையில் அவ்வுருவத்தை மாற்ற எவருடைய மூலநிரலையும் தொடவேண்டியதில்லை.

வர்த்தகத் தளங்களிலோ பெயருக்குப் பதிலாக முகவரி வந்தது. டபிள்யூ.பி.எப். முறையில் பொத்தானுக்குப் படம் என்ற தனிப்பண்பே இல்லை; அதனுள் எதனையும் வைக்கலாம். ஆகவே, தனியாக்கப் பொத்தானை எழுதுவோர் படப் பண்பொன்றைத் தாமே பதிவுசெய்து, உறுப்பின் வார்ப்புருவில் அதனைப் பிணைப்பர். படம் முகவரியாகத் தரப்படுகையில் சிக்கல் எழுகின்றது. உறுப்பு ஒரு நூலகத்தில் உள்ளது. அதனைப் பயன்படுத்தும் செய்நிரல் வேறொன்று. முகவரியில் நூலகத்தின் பெயர் எழுதப்படாவிடின், உறுப்புடன் வந்த படம் அயல்வீட்டில் தேடப்பட்டு, கிடையாமற் போகும். பொத்தான் வெறுமையாக நிற்கும். மேலும், பண்பை மாற்றுங்கால் நடைபெற வேண்டிய வேலையை அப்பண்பின் அமைப்புக் கட்டளையில் எழுதினாற் போதும் எனப் பலர் எண்ணினர். திரை வடிவத்தை விவரிக்கும் கோப்பிலிருந்து பண்பு அமைக்கப்படும்போது அக்கட்டளை அழைக்கப்படுவதே இல்லை. மாற்றத்தை அறியத் தனி அறிவிப்பு முறையைப் பதிவுசெய்தல் வேண்டும். வசதி பெருகப் பெருக, அவ்வசதியின் உள்ளியக்கம் அதனைப் பயன்படுத்துவோரின் பார்வையிலிருந்து மறைந்து செல்வதை இங்குக் காண்கின்றோம்.

6

இனி, இவ்வரலாறு எமது மொழியைத் தொடும் இடத்துக்கு வருவோம்.

படம் மொழிக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சொற்செயலி ஒன்றின் கருவிப்பட்டையை நோக்கினால் இவ்வெண்ணம் நிலைக்காது. தடித்த எழுத்துக்கு 'பி', சாய்ந்த எழுத்துக்கு 'ஐ', கீழ்க்கோட்டுக்கு 'யு' என்ற ஆங்கில எழுத்துகளே படங்களாக வரையப்பட்டுள்ளன. ஜேர்மன் பதிப்புகளில் அவை 'எப்', 'கே', 'யு' ஆகின்றன. பிரெஞ்சில் 'ஜி', 'ஐ', 'எஸ்' ஆகின்றன. அங்கு அவ்வாறு மாற்றப்பட்டமைக்கு இரு காரணங்கள் உண்டு. படம் நிரலிலிருந்து பிரிந்து, மாற்றத்தக்க பண்பாக இருந்தது ஒன்று. மாற்றுவதைப் பயனுடையதாகக் கம்பனி கருதத்தக்க சந்தை இருந்தது மற்றொன்று. முதலாவது நுட்பத்தின் பாற்பட்டது. இரண்டாவது பொருளியலின் பாற்பட்டது. இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் மாற்றம் நிகழாது. அரபு, எபிரேயம் போன்று வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளில் 'முன்னே', 'பின்னே' என்ற அம்புக்குறிகளையும் திருப்பி வரைய வேண்டும் என்பதை நோக்கினால், எழுத்தற்ற படமும் எழுத்தின் திசைக்குக் கட்டுப்பட்டதே என்பது விளங்கும்.

தமிழின் நிலை மேலும் சிக்கலானது. 1991 இல் வெளிவந்த யுனிக்கோட் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றபோதிலும், 2000 ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000 வரை விண்டோஸ் பணிசெயல் முறைமை தமிழ் எழுத்தைத் தன்னியல்பாகக் கையாளவில்லை. அதற்கு முற்பட்ட காலத்திற் பொத்தானில் தமிழைக் காட்ட இரு வழிகளே இருந்தன. ஒன்று, 'பாமினி' போன்ற எழுத்துருவை உறுப்பின் எழுத்துருப் பண்பில் அமைப்பது. அத்தகைய எழுத்துருவில், ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் வடிவம் பொருத்தப்பட்டிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியிலோ, எழுத்துருப் பண்பை வெளியே விடாத உறுப்பிலோ, பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவையே தோன்றும். மற்றைய வழி, தமிழ்ச் சொல்லைப் படமாக வரைந்து, உறுப்பின் படப் பண்பில் அமைப்பது. எழுத்துரு மறுத்த இடத்திற் படம் இடமளித்தது. படப் பண்பும் இல்லாத உறுப்பில் தமிழுக்கு இடமே இல்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் உறுப்பொன்றை ஆக்கியவர், அப்பண்பை வெளியே விடுவதா இல்லையா என எடுத்த முடிவு, அவர் அறியாத ஒரு மொழியின் இருப்பைத் தீர்மானித்தது. அவருக்கு எம்மொழி மீது பகையிருக்கவில்லை, நினைப்பே இருக்கவில்லை. புறக்கணிப்புக்குப் பகை அவசியமன்று.

ஆயினும், படமான எழுத்து முழுமையான எழுத்தாகாது. அதனைத் தேட முடியாது. பிரதிசெய்து ஒட்ட முடியாது. பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டாகும். 16க்கு 16 புள்ளிகளில் வரைந்த உருவங்கள், செறிவு மிகுந்த இன்றைய திரைகளில் ஒன்றில் மிகச் சிறிதாகவோ அன்றித் தெளிவற்றோ தோன்றுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அதனை விழிப்புலன் இழந்தோர் வாசிக்க முடியாது. எழுத்துத் திரைகளின் காலத்தில், திரையின் நினைவகத்திலிருந்த எழுத்துகளைப் பேச்சாக மாற்றும் கருவிகளைக் கொண்டு அவர்கள் கணினியை இயக்கினர். வரைகலைத் திரை வந்தபோது எழுத்து புள்ளிகளாகக் கரைந்தது. முன்னேற்றமாகக் கொண்டாடப்பட்ட அதே மாற்றம் அவர்களைப் பின்தள்ளியது. 1997 இல் மைக்ரோசொப்ட் அறிமுகப்படுத்திய அணுகல் ஏற்பாட்டின் வழி ஒவ்வோர் உறுப்பும் தன் பெயரைச் சொல்லக் கூடியதாயிற்று. 2002 இல் வந்த டொட் நெற் தளத்தில் அது ஒரு பண்பாகவே அமைந்தது. படத்தை அமைத்து, அப்பெயரை வெறுமையாக விட்ட பொத்தான், ஒரு சாராருக்கு வெறுஞ்சுவரே.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். படம் முதலிற் செய்நிரலாளரின் வேலையாக இருந்தது. பின்னர் வளமாகப் பிரிந்தது. உறுப்புச் சந்தை வளர்ந்தபோது பண்பாக வெளிவந்தது. நகல், எண்ணிக்கை, உறைவு என உடைமை விதிகளைப் பெற்றது. ஈற்றில் சில இடங்களிற் பெயராக மாறிச் சமூகத்தின் கையில் வந்து சேர்ந்தது. இவ்வளர்ச்சி நேர்கோட்டில் நிகழவில்லை. எக்ஸ் முறைமை 1987 இலேயே வழங்கிய உரிமையை, மூடிய பண்டங்களாக விற்கப்பட்ட பின்னைய உறுப்புகள் பல வழங்கவில்லை. காலத்தாற் பிந்தியது எல்லாம் முற்போக்கானது எனக் கொள்வது வரலாற்று நோக்கு ஆகாது.

இதிலிருந்து நடைமுறைக்கு உரிய முடிவும் பெறப்படும். இன்று எம்மவருள் பலர் மென்பொருள் எழுதுகின்றனர். தனியாக்க உறுப்புகளை ஆக்குகின்றனர். அவ்வாறு ஆக்குவோர் தமது உறுப்பின் படத்தை நிரலினுள் புதைத்துவிடாது பண்பாக வெளியே வைப்பது, எழுத்தைப் படத்தினுள் வரையாது தலைப்பாக வைப்பது, ஒவ்வொரு படத்துக்கும் வாசிக்கத்தக்க பெயரிடுவது ஆகிய மூன்றும் நுட்ப ஒழுங்குகள் மாத்திரமன்று. அவை, தாம் காணாத பயனரின் உரிமையைத் தாம் எழுதும் வேளையிலேயே ஒப்புக்கொள்ளும் செயல்கள். எமது மொழி பிறர் ஆக்கிய உறுப்புகளில் இடந்தேடி அலைந்தது; நாம் ஆக்கும் உறுப்புகளில் சிங்களமும் அரபும் இடந்தேட வேண்டிய நிலையை நாம் உண்டாக்கலாகாது. பண்பை வெளியே விடுவது உடைமையைப் பகிர்வதன் முதற்படி. அப்படியைக் கட்டுவது செய்நிரலாளரின் கையில் உள்ளது. கட்டுமாறு கேட்பது பயன்படுத்தும் மக்களின் கடமையாகும்.